மாரியில் ஒரே குளத்தைப் பார்த்து நடப்போமா? (கிளிநொச்சிப் பக்கம், ஞாயிறு காலை)

குளக்கட்டு | ஒக்டோபர் 11

எல்லாருக்கும் வணக்கம். போன வருடம் இதே காலத்தில் ஹயஸ் வான் பிடித்து ஒரு நாள் சுண்டிக்குளம் களப்பு, இன்னொரு நாள் மன்னார் வங்காலை என்று ஓடினோம். நல்ல பறவைகளைப் பார்த்தோம், அதில் குறை இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு மகள் கேட்டாள்: "அந்த உள்ளான்கள் எப்ப வந்தவை, எப்ப போகும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு நாள் மட்டும் போய்ப் பார்த்தவனுக்கு அது தெரியவும் வராது.

இந்த முறை வேறு மாதிரிச் செய்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். முறிகண்டிக்கும் இரணைமடுவுக்கும் இடையில், எங்கள் ஊருக்குப் பின்னால் ஒரு சின்னக் குளம் இருக்கிறது. பெயர் பெற்ற குளம் இல்லை, படம் எடுக்க யாரும் வருவதில்லை. துருசடியில் (மதகுப் பக்கம்) தொடங்கி, கட்டு வழியே மருதமரம் வரை போய், அங்கிருந்து வயல் பாதையால் திரும்பினால் ஒன்றரைக் கிலோமீற்றர் வரும். ஒவ்வொரு ஞாயிறும் காலை 6 மணி, அதே பாதை. டிசம்பர் தொடக்கம் வரை.

இன்று தனியாகப் போய்ப் பார்த்தேன். குளத்தில் கால்வாசித் தண்ணீர்தான். அலைகரையெல்லாம் சேறு. அந்தச் சேற்றில் பொரி உள்ளான் நாற்பதுக்கு மேல், நெடுங்கால் உள்ளான் பன்னிரண்டு, பட்டாணி உப்புக்கொத்தி நாலு. கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக இருந்தன. நீலவால் பஞ்சுருட்டான் ஏழு. முள்வேலிக் கட்டையில் ஒரு பழுப்புக் கீச்சான். போன வருடமும் இதே கட்டையில்தான் ஒன்று இருந்தது. அதே பறவைதானா என்று நினைத்து அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

யார் யார் வருகிறீர்கள்?

வங்காலைக்கரை | ஒக்டோபர் 11

அண்ணா, முயற்சி நல்லது. ஆனாலும் என் கருத்தைச் சொல்கிறேன். புதிதாக வருகிற பிள்ளைகளைச் சின்னக் குளத்துக்குக் கூட்டிப்போனால் இருபது, முப்பது இனம் பார்ப்பார்கள். பாதி உள்ளான், பாதி கொக்கு. இரண்டாவது வாரம் வரமாட்டார்கள். மன்னாருக்குக் கூட்டிவந்து ஆயிரக்கணக்கில் ஊசிவால் வாத்து ஒன்றாக எழும்புவதை ஒரு தடவை காட்டுங்கள், வாழ்நாளுக்கும் மறக்கமாட்டார்கள். வங்காலையை 2008 இல் சரணாலயம் ஆக்கினார்கள். 2010 இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்த்தார்கள். 4,839 ஹெக்டேயர். கடல், களப்பு, சேற்றுத்தரை, முட்பற்றை எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால்தான் இவ்வளவு பறவை. அதை விட்டுவிட்டுப் பெயர் இல்லாத குளத்தை ஏன் சுற்ற வேண்டும்?

குளக்கட்டு | ஒக்டோபர் 11

தம்பி, வங்காலைக்கு வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இங்கிருந்து மன்னாருக்குப் போய்வரும் செலவை ஒவ்வொரு வாரமும் போட எங்கள் ஆட்களால் முடியாது. சைக்கிளில் போகக்கூடிய இடம் வேண்டும்.

அதைவிடப் பெரிய காரணம் தண்ணீர். மாரி தொடங்குகிற இந்த ஏழெட்டுக் கிழமையில்தான் வன்னிக் குளங்கள் அடியோடு மாறுகின்றன. இன்று சேறாக இருக்கிற அலைகரை நவம்பர் நடுவில் ஆளுயரத் தண்ணீருக்குக் கீழே போய்விடும். உள்ளானின் கால் எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆழத்தில்தான் அது மேயும். தண்ணீர் ஏறும்போது அவை எங்கே போகின்றன? அந்த இடத்துக்கு எது வருகிறது? ஒரே இடத்தில் வாராவாரம் நின்றால்தான் இது கண்ணுக்குத் தெரியும்.

காலபோகம் | ஒக்டோபர் 12

நான் கமக்காரன். பறவை பார்க்கிற ஆள் இல்லை, மருமகன் இந்த இழையைக் காட்டினான். நீங்கள் சொல்கிற வயல் பாதை எங்கள் பக்கம்தான் என்று நினைக்கிறேன். வாருங்கள், யாரும் தடுக்கமாட்டோம். ஒன்றே ஒன்று: வரம்பில் ஏறி நடக்காதீர்கள். இப்போதுதான் கட்டிச் செப்பனிட்டிருக்கிறோம். பத்துப்பேர் நடந்தால் உடையும், தண்ணீர் நிற்காது.

மயில் அழகு என்று எழுதுகிறவர்கள் விதைப்பு முடிந்த மூன்றாம் நாள் காலையில் வந்து பார்க்கவேண்டும். முளை வந்த நெல்லை எப்படிக் கிளறுகிறது என்று. இரவில் காட்டுத்தாரா (காட்டு வாத்து) இறங்குகிறது. தகரம் தட்டி, விடியும்வரை காவல் இருக்கிறோம். இதையும் உங்கள் குறிப்பில் எழுதுங்கள்.

ஒரு கேள்வியும் இருக்கிறது. சேறடிக்கிற நேரம் உழவு மெசினுக்குப் பின்னால் கொக்குகளோடு ஒரு வெள்ளைப் பறவை கூட்டமாக வரும். கொக்கு மாதிரி நடக்காது. பறந்தபடியே குனிந்து சேற்றில் எதையோ கொத்தி எடுத்துவிட்டு மேலே போகும். கூரிய செட்டை. அது என்ன? சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், பெயர் தெரியாது.

புலுனி | ஒக்டோபர் 12

ஐயா, நீங்கள் சொல்வது மீசை ஆலா. கடலில் பார்க்கிற ஆலாக்களின் இனம், ஆனால் இது குளத்திலும் வயலிலும்தான் கூடுதலாக இருக்கும். மெசின் சேற்றைப் புரட்டும்போது வெளிவரும் பூச்சி, சின்னத் தவளை எல்லாவற்றையும் பறந்தபடியே எடுக்கும். இனப்பெருக்கக் காலத்தில் வயிறு கருஞ்சாம்பலாகவும் கன்னம் வெள்ளையாகவும் இருப்பதால் மீசை என்ற பெயர். இங்கே வருகிற மாதங்களில் அந்த நிறம் இருக்காது, வெளிறிப் போயிருக்கும். அதனால்தான் புத்தகப் படத்தோடு ஒப்பிட்டால் பொருந்தாமல் போகிறது.

மயிலைப் பற்றி நீங்கள் எழுதியதும் எங்களுக்குத் தேவையான குறிப்புத்தான். எந்த வாரம் காட்டுத்தாரா வயலில் இறங்கத் தொடங்கியது என்று உங்களைவிடத் துல்லியமாக யாரும் சொல்ல முடியாது. தயவுசெய்து எழுதிவையுங்கள்.

நான் வருகிறேன், குளக்கட்டு அண்ணா. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஐந்து பேரையும் கூட்டிவரலாமா? வெள்ளைச் சட்டை போடாமல் வரச் சொல்கிறேன்.

குளக்கட்டு | ஒக்டோபர் 12

கட்டாயம் கூட்டிவாருங்கள் அக்கா. ஐயா, வரம்பில் யாரும் ஏறமாட்டோம்.

பாலைநிழல் | ஒக்டோபர் 19

நேற்று நானும் வந்திருந்தேன். படம் எடுக்கிற ஆள். மருதமரத்தடிப் பற்றைக்குள் ஆறுமணிக்குருவி கத்தியது எல்லாருக்கும் கேட்டது, ஒருவர் கண்ணிலும் படவில்லை. போனில் அதன் குரலைப் போட்டால் உடனே வெளியே வரும். அடுத்த வாரம் ஸ்பீக்கர் கொண்டுவரவா? அப்படியே குளத்தின் நடுவில் இருந்த நீலச்சிறகி வாத்துகளையும் ஒரு கை தட்டினால் பறக்கும்போது நல்ல படம் கிடைக்கும்.

குளக்கட்டு | ஒக்டோபர் 19

தம்பி, இரண்டும் வேண்டாம்.

ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. வந்து ஒரு கிழமை ஆகியிருக்கலாம், இரண்டு ஆகியிருக்கலாம். தனக்கென்று ஒரு துண்டு நிலம் பிடித்து இலைச்சருகுக்குள் புழு தேடிக்கொண்டிருக்கிற நேரத்தில் எதிரி வந்துவிட்டது என்று நம்பவைத்து அதை வெளியே இழுக்கிறோம். ஒவ்வொரு ஞாயிறும் அப்படிச் செய்தால் அந்தப் பற்றையை விட்டே போய்விடும்.

வாத்துக்கும் அதே கதைதான். உடம்பில் சேர்த்த கொழுப்பை எரித்துத்தான் அது இவ்வளவு தூரம் வந்தது. பகல் முழுக்க ஆறுதலாக இருக்கவேண்டிய நேரத்தில் நாங்கள் எழுப்பினால், இரவு மேய்ந்து சேர்த்ததைத் திரும்பச் செலவழிக்கும். சேற்றுப் பூனைப்பருந்து வந்தால் அவை தாமாகவே எழும்பும். அதற்குக் காத்திருங்கள், அந்தப் படம் இன்னும் நன்றாக இருக்கும்.

பாலைநிழல் | ஒக்டோபர் 19

பருந்துக்குக் காத்திருக்கலாம் அண்ணா, அது சரி. ஆனால் படம் எடுப்பவன் என்றாலே தொல்லை என்று பார்க்காதீர்கள். நேற்று நீங்கள் நீலச்சிறகி என்று சொன்னதையே முதலில் ஒருவரும் நம்பவில்லை. ஆண், பெண் எல்லாம் ஒரே கபில நிறம். என் படத்தைப் பெருப்பித்துப் பார்த்துத்தான் முகத்துக் கோடு தெரிந்தது.

புலுனி | ஒக்டோபர் 19

தம்பி சொல்வது உண்மை. இந்த மாதத்தில் ஆண் நீலச்சிறகி இறகு மாற்றி முடித்திருக்காது, புருவத்து வெள்ளைப் பட்டை தெரியாது. முகத்தில் அழுத்தமான கோடுகள், பறந்தால் ஆணின் செட்டை மேற்புறத்தில் வெளிர் நீலச் சாம்பல், இவைதான் அடையாளம். படம் இல்லாமல் நான் துணிந்து சொல்லியிருக்கமாட்டேன். ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம் தம்பி.

பாலைநிழல் | ஒக்டோபர் 20

சரி அக்கா. கொண்டுவரமாட்டேன்.

காலபோகம் | ஒக்டோபர் 23

அவசரமாக எழுதுகிறேன். விடியப்புறம் வீட்டு விறாந்தை லைற்றுக்கு ஒரு குருவி வந்து சுவரில் அடிபட்டு விழுந்தது. முதுகு பச்சை, வயிறு மண்ணிறம், வாலடி சிவப்பு, கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை. உயிர் இருக்கிறது, பறக்கவில்லை. என்ன செய்யவேண்டும்?

புலுனி | ஒக்டோபர் 23

ஐயா, அதுதான் ஆறுமணிக்குருவி! இரவில் பறந்து வருகிற பறவை, வெளிச்சத்துக்குத் தடுமாறி வீடுகளில் மோதும். ஒக்டோபர், நவம்பரில் இது அடிக்கடி நடக்கும். ஒரு காட்போட் பெட்டியில் காற்றுத் துளை போட்டு, அடியில் பழைய துணி விரித்து, மூடி இருட்டாக வையுங்கள். பூனை வராத இடம். தண்ணீர் பருக்கவேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சாப்பாடும் வேண்டாம். பிள்ளைகள் திறந்து திறந்து பார்க்க விடாதீர்கள். இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்துப் பற்றை ஓரமாகப் பெட்டியைச் சரித்துத் திறந்தால் தானாகப் போகும்.

காலபோகம் | ஒக்டோபர் 23

பத்து மணிக்குத் திறந்தேன். பெட்டி வாசலில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தத்தித் தத்தி எலுமிச்சைக்குக் கீழே போனது. பின்னேரம் சரியாக ஆறு மணிக்கு அங்கிருந்து கத்தியது. மனைவியும் நானும் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கேட்டோம். விறாந்தை லைற்றை இனி இரவு பத்துக்கு அணைப்பதாக முடிவு.

ஆட்காட்டி | ஒக்டோபர் 26

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். பாதுகாப்பைப் பற்றி ஒருவரும் எழுதாததால் எழுதுகிறேன். ஆறு வருடம் மிதிவெடி அகற்றும் வேலையில் இருந்தேன்.

நீங்கள் நடக்கிற கட்டும் வயல் பாதையும் ஆட்கள் தினமும் புழங்குகிற இடம், பயமில்லை. ஆனால் பறவை பார்க்கிற ஆளின் கால் கண்ணுக்குப் பின்னால் போகும். பற்றைக்குள் ஒரு சத்தம் கேட்டால் பாதையை விட்டு இறங்கிவிடுவோம். பழைய மண் அணை, பங்கர்க் கிடங்கு, ஆள் போகாத பற்றைக்காடு இருக்கிற பக்கம் இறங்கவே கூடாது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். பலகை இல்லாததால் மட்டும் ஓரிடம் சுத்தம் என்று நினைக்கவும் கூடாது. மாரி வெள்ளம் மண்ணை அரித்து, கீழே கிடந்ததை மேலே கொண்டுவரும், வேறு இடத்துக்கும் இழுத்துப்போகும். துருப்பிடித்த எதையும் பிள்ளைகள் தொடக்கூடாது. கண்டால் வந்த அடியிலேயே திரும்பி நடந்து பொலிசுக்குச் சொல்லுங்கள்.

மற்றவை சுருக்கமாக. பின்னேர நடை வேண்டாம், யானை இறங்கும் நேரம். காட்டோரம் கட்டுத்துவக்கு (விலங்கு பட்டால் தானாக வெடிக்கிற பொறி) வைக்கிறார்கள், ஒற்றையடிப் பாதையில் புகவேண்டாம். காலில் புண் இருந்தால் வயல் தண்ணீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் பரவுவது இந்த மாதங்களில்தான்.

எங்கள் வேலைநிலம் வருடக்கணக்கில் ஒருவரும் கால் வைக்காத நிலம். கோடையில் ஆட்காட்டிக் குருவி அங்கே வெறுந்தரையில் முட்டையிடும். நாங்கள் கயிறு கட்டி ஒவ்வொரு அடியாக முன்னேறும்போது தலைக்கு மேலே சுற்றிச்சுற்றிக் கத்தும். ஒரு தடவை எங்கள் வரிசையில் நாலு முட்டை இருந்தது. மேற்பார்வையாளரிடம் சொல்லி, குஞ்சு பொரித்து இறங்கிப்போகும் வரை அந்தத் துண்டைக் கடைசிக்குத் தள்ளிவைத்தோம். பறவையை முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தது அப்போதுதான். நானும் நடைக்கு வரலாமா?

குளக்கட்டு | ஒக்டோபர் 26

அக்கா, வாருங்கள். முன்னுக்கு நீங்கள் நடந்தால் எங்களுக்கு நிம்மதி. நீங்கள் எழுதியதை அச்சடித்து, வருகிற எல்லாரிடமும் கொடுக்கப்போகிறேன்.

குளக்கட்டு | நவம்பர் 1

நாலாவது நடை. ஒன்பது பேர். கிழமை முழுக்க மழை, வாடை பிடித்துவிட்டது. குளம் முக்கால்வாசி. சேறு போய்விட்டது, அதோடு உள்ளான்களும். போன ஞாயிறு முப்பது பொரி உள்ளான், இன்று மூன்று. நெடுங்கால் உள்ளான் ஒன்றுகூட இல்லை.

அவை எங்கே என்பதற்கு விடை திரும்பி வரும் வழியில் கிடைத்தது. புதிதாகச் சேறடித்த வயலில், கணுக்கால் அளவு தண்ணீரில், இருபத்தாறு பொரி உள்ளான்! ஒரு கிலோமீற்றர்கூட இல்லை. காலபோகம் ஐயாவின் காணிக்குப் பக்கத்துத் துண்டு. கமக்காரர் அந்த வாரம் சேறடித்திராவிட்டால் அவை இந்த ஊரையே விட்டுப் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

குளத்தில் நீலச்சிறகி கூடிவிட்டது. எண்ணிக்கையில்தான் சண்டை. நான் 240 என்றேன், பாலைநிழல் 400 என்கிறார்.

புலுனி | நவம்பர் 1

இருவரும் கூட்டத்தை ஒரேயடியாகப் பார்த்து மதிப்பிட்டீர்கள், அதுதான் வித்தியாசம். முதலில் ஓரத்தில் பத்தை ஒன்றொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வையுங்கள். அதே அளவை அளவுகோல் மாதிரி இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். இரண்டு பேர் எதிர்த்திசையில் எண்ணி ஒப்பிடவேண்டும். என் மாணவி அப்படி எண்ணியபோது 310 வந்தது. படத்தில் புள்ளி வைத்து எண்ணினால் இன்னும் நல்லது. இந்தப் பழக்கம் இப்போதே வந்தால், ஜனவரியில் ஆசியா முழுதும் நடக்கிற நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு எங்கள் குளத்துக் கணக்கையும் கொடுக்கலாம்.

பாலைநிழல் | நவம்பர் 2

படத்தில் புள்ளி வைத்தேன். 326. நாங்கள் இரண்டு பேரும் பிழை.

குளக்கட்டு | நவம்பர் 3

8 ஆம் திகதி தீபாவளி, நடை இல்லை. மற்ற ஞாயிறுகளில் உண்டு. 27 ஆம் திகதி மாவீரர் நாள் அடங்குகிற வாரத்தில் எல்லாரும் வேறு மனநிலையில் இருப்போம், 29 வர முடியாதவர்கள் சங்கடப்படவேண்டாம்.

வங்காலைக்கரை | நவம்பர் 21

எங்கள் பக்கச் செய்தி. ஊசிவால் வாத்து வந்து இறங்கிவிட்டது, நாமத்தலை வாத்தும் கூடவே. பூநாரைகளில் இந்த வருடக் குஞ்சுகள் சாம்பல் நிறத்தில் தனியாகத் தெரிகின்றன. உணவிலிருந்து நிறம் ஏற இன்னும் காலம் எடுக்கும். கட்டுக்கரைக்குளத்துக்கு அருவியாற்றுத் தண்ணீர் வருகிறது, அங்கே தாமரைக்குள் நீளவால் இலைக்கோழி நிறைய. இப்போது அதற்கு நீளவால் இல்லை, பெயரை நம்பித் தேடாதீர்கள்.

இன்னொன்று. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கே மன்னாரில் கடற்காகங்களுக்கு ஜிபிஎஸ் கருவி பொருத்தினார்கள். ஒன்று வட ரஷ்யாவின் யமால் தீபகற்பம் வரை போய்த் திரும்பி வந்தது. குளக்கட்டு அண்ணா, உங்கள் கீச்சானைப் பற்றி அப்போதுதான் யோசித்தேன். அதே வேலிக்கட்டைக்குத் திரும்பி வருவது நடக்காத காரியம் இல்லை. குளிர்காலம் கழித்த இடத்துக்கே பழுப்புக் கீச்சான்கள் மறுவருடமும் வந்ததைக் காலில் வளையம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். உங்களுடையதுக்கு வளையம் இல்லாததால் உறுதியாகச் சொல்ல முடியாது.

உங்கள் வாராந்தக் கணக்கைப் பார்த்த பிறகு நானும் இங்கே தரவையோரம் (புல்வெளி ஓரம்) ஒரு சின்ன மடுவை நவம்பர் தொடக்கத்திலிருந்து பார்த்துவருகிறேன். உள்ளான்கள் ஏறுவதும் இறங்குவதும் உங்கள் பக்கத்துக்கு நேர்மாறாக இருக்கிறது. மழைக்கு முன் மடு காய்ந்து கிடந்தது, இப்போதுதான் ஓரச் சேறு வந்திருக்கிறது. உங்களிடமிருந்து போனவை எல்லாம் காணாமல் போகவில்லை என்று நினைக்கத் தோன்றுகிறது.

குளக்கட்டு | நவம்பர் 22

தம்பி, இதைத்தான் நான் ஒக்டோபரில் சொல்ல வந்தேன், எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. உன் கணக்கையும் எங்கள் கணக்கையும் ஒரே தாளில் போடுவோம். கனகராயன் ஆறு இரணைமடுவில் விழுந்து, அங்கிருந்து சுண்டிக்குளம் களப்புக்குப் போகிறது. அந்த முனையில் யாராவது ஒருவர் ஒரே இடத்தை வாராவாரம் பார்க்க முன்வந்தால், ஒரே ஆற்றின் தண்ணீரோடு பறவை எப்படி நகர்கிறது என்று எழுதிவிடலாம். சுண்டிக்குளம் தேசியப் பூங்காவுக்குள் போகத் தேவையில்லை, வெளியே தெருவோரத்திலிருந்து பார்த்தாலே போதும். கண்டாவளை, தர்மபுரம் பக்கம் ஆட்கள் இருக்கிறீர்களா?

ஆட்காட்டி | நவம்பர் 22

எனக்குத் தர்மபுரத்தில் தங்கச்சி இருக்கிறாள். ஞாயிறு இல்லை, சனிக்கிழமை போக முடியும். பைனாகுலர் ஒன்று மட்டும் வேண்டும்.

புலுனி | நவம்பர் 22

அக்கா, பள்ளிக்கூடத்தில் 8x42 (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது) ஒன்று சும்மா இருக்கிறது. அதிபரிடம் கேட்டுத் தருகிறேன். பத்து மடங்கு பெரிதாகக் காட்டுவதைவிட இது நல்லது, கை நடுங்கினாலும் பறவை அவ்வளவு ஆடாது, விடியல் வெளிச்சத்திலும் தெரியும்.

காலபோகம் | நவம்பர் 28

நேற்றிரவு குளம் நிரம்பி வான் பாயத் தொடங்கிவிட்டது. வான் வாய்க்காலில் மீன் ஏறுகிறது, கொக்கும் நீர்க்காகமும் கூழைக்கடாவும் ஒரே சந்தை. பயிர் முழங்கால் உயரம், அதனால் காட்டுத்தாரா இறங்குவது நின்றுவிட்டது. கடைசியாக இறங்கியது 12 ஆம் திகதி, கொப்பியில் எழுதியிருக்கிறேன். உழவு மெசின் ஓய்ந்தது, மீசை ஆலாவும் இப்போது குளத்தின் மேல்தான்.

நாளைக்கு வருபவர்கள் துருசடிப் பக்கமாக வராதீர்கள், பாதை தண்ணீருக்குள். எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை விட்டுவிட்டு மேட்டு வழியால் கட்டில் ஏறலாம். தேத்தண்ணி இருக்கும்.

கீச்சான் அதே கட்டையில்தான் இருக்கிறது.